ஒரு சாண் கூரை

நீங்கள் கடைசியாக ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போனபோது, அதன் பின்பக்கம் போய்ப் பார்த்தீர்களா? கதவோடு நின்று படம் எடுத்திருப்பீர்கள். அந்தக் காலத்து ஆட்களின் அறிவே அறிவு என்று பெருமூச்சும் விட்டிருப்பீர்கள். பின்பக்கம்?

தரணி போனாள். போக வேண்டியது அவள் வேலை.

புத்தூர்க்காரி. வயது நாற்பத்திரண்டு. கட்டடங்களை அளந்து வரைபடம் போடுகிறவள். அவர்கள் காலனியிலிருந்து சித்தூருக்குப் படிக்கப் போய் டிப்ளமா வாங்கிய முதல் ஆள். பதினெட்டு வருஷம் திருப்பதியில் யாரோ ஒருவரின் கம்பெனியில் டேப் பிடித்தாள். அளப்பது அவள், கையெழுத்துப் போடுவது வேறொருவர். போன வருஷம்தான் லைசென்ஸ் வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கினாள். அவள் பெயரில் கையெழுத்தாகப் போகும் முதல் பெரிய வரைபடம், சத்தியவேடு பக்கம் வயல்களுக்கு நடுவே நிற்கிற ஒரு கூரைவீடு.

நூறு வருஷம் தாண்டிய வீடு. மண்சுவர் ஒரு முழம் கனம். உச்சி வெயிலிலும் உள்ளே குளுகுளு என்றிருக்கும். சுவர்மேல் பனங்கைமரங்கள் சரிந்து இறங்க, அவற்றின்மேல் கரும்புத் தோகை வேய்ந்த கூரை. வீட்டுக்காரர் கோபிகிருஷ்ணன் அதைச் சுற்றுலா விடுதியாக்கப் போகிறார். பாரம்பரிய வீடு என்று சான்றிதழ் வாங்க, உள்ளது உள்ளபடி ஒரு வரைபடம் வேண்டும். இது நல்லபடியாக முடிந்தால் இன்னும் நாலு வீட்டு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். புதிதாகத் தொழில் தொடங்கியவளுக்கு அது இரண்டு வருஷச் சோறு.

ஐப்பசி மாதம். பின்பக்கத்தை அளக்கத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கடியில் ஒதுங்கலாம் என்று தரணி சுவரோடு ஒட்டி நின்றாள். முதுகைச் சுவரில் அழுத்தியும் கூரைத் தண்ணீர் நேரே தலையில்தான் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். முன்பக்கம் சுவரைத் தாண்டி நாலு அடி நீண்டிருந்த கூரையின் இறவாணம், இங்கே ஒரு சாணோடு முடிந்திருந்தது.

புல் செதுக்க வந்திருந்த ரத்னம்மா, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா மேடம், எங்க இடத்துல நின்னுக்கினு கீற?"

"உங்க இடமா?"

"அந்தப் பொந்து கீதே, பாக்கலியா?" சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு துளையைக் காட்டினாள். "வயல் வேல முடிஞ்சா அது வழியாத்தான் எங்களுக்குக் கூழு ஊத்துவாங்க. எங்கம்மா சட்டி ஏந்திக்கினு நிப்பா. நான் அவ சீலையப் புடிச்சிக்கினு நிப்பேன். கூரைக்குக் கீழ வந்துட்டா ஊட்டுக்குள்ள வந்த மாதிரியாம். அதான் கூரைய செவுத்தோட ஒட்ட நிறுத்திட்டாங்க. மழ பேஞ்சா ஒரு சட்டி கூழு ஒன்ற சட்டி ஆவும். லாபந்தான் போ!"

தரணி ஏணியைச் சாய்த்து மேலே ஏறினாள். ஒவ்வொரு கைமரத்தின் நுனியையும் தடவிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

முன்பக்கம், நாலு அடி இறவாணத்துக்குக் கீழே, ஒரு துளி படாமல் உட்கார்ந்திருந்தார் கோபிகிருஷ்ணன். பின்பக்கக் கூரையைப் பற்றிக் கேட்டாள்.

"அதுவா? கூர போட்டவன் தோகை பத்தாம உட்டுட்டான் மேடம், அந்தே, அவ்ளோதான். ரெண்டு பக்கமும் நாலு அடின்னு போட்டுடுங்க. எப்படியும் நீட்டிக் கட்டத்தான் போறோம்."

"ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி தோகை மாத்தறீங்க. ஒவ்வொரு வாட்டியும் பின்பக்கம் மட்டுமா சார் பத்தல?"

அவர் சிரித்து மழுப்பினார்.

"கைமரமே குட்டை சார். நுனியை இழைச்சு தார் பூசி வெச்சிருக்காங்க. பத்தாம உட்டவன் எதுக்கு இழைக்கப் போறான்?"

"எங்க தாத்தாவோட நைனா கட்டினது. பசின்னு வந்தவனுக்கு இல்லன்னு சொன்னதே இல்ல, தெரியுமா?"

"சொல்லியிருக்க மாட்டாரு சார். நனைய வெச்சு ஊத்தியிருக்காரு."

"படம் போட வந்தீங்களா, பஞ்சாயத்துப் பண்ண வந்தீங்களா? நாலு வீட்டு வேலை காத்துக்கினு கீது. பாத்துக்கோங்க."

பஸ்ஸில் வரும்போது அவள் அந்தச் சுவரையே நினைத்துக்கொண்டு வந்தாள். மண்சுவருக்கு எமன் மழை. அதனால்தான் மண்வீட்டுக்கு இறவாணத்தை நீளமாக விடுவார்கள். அந்தப் பின்சுவர் மழையில் கரைந்து கரைந்து, வருஷா வருஷம் மண் பூசிப் பூசி வயிறு தள்ளிக் கிடந்தது. கட்டியவருக்கு இது தெரியாதா? முன்பக்கம் நாலு அடி விட்டவருக்கு நன்றாகவே தெரியும். தன் சுவர் கரைந்தாலும் சரி, உழைத்தவள் தலைக்குத் தன் கூரை ஆகாது என்று கணக்காகக் கட்டியிருக்கிறார். இதைத்தான் நாம் முன்னோர் அறிவு என்று கும்பிடுகிறோம்.

நாலு வீட்டு வேலையையும் நினைத்தாள். பதினெட்டு வருஷம் காத்திருந்த கையெழுத்தையும் நினைத்தாள். மறுநாள் படத்தை முடித்தாள். பின்பக்க இறவாணம்: ஒன்பது அங்குலம். துளையின் பக்கத்தில்: கூழ் ஊற்றும் பொந்து. கீழே தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கோபிகிருஷ்ணன் அதை வாங்கவே இல்லை. வேறொருவர், அந்த வீட்டுப் பக்கம் கால் வைக்காமலே, இரண்டு பக்கமும் நாலு அடி என்று போட்டுக் கொடுத்தார். சான்றிதழ் வந்தது. விடுதி திறந்தாயிற்று. வாசலில் "வந்தோரையெல்லாம் அரவணைத்த கூரை" என்று பலகை தொங்குகிறது. பொந்துக்குக் கண்ணாடி போட்டு உள்ளே விளக்கு வைத்திருக்கிறார்கள். தரணி இப்போது புத்தூரில் காம்பவுண்டுச் சுவர்களையும் மாட்டுக்கொட்டகைகளையும் அளக்கிறாள்.

அந்த விடுதியில் பெருக்கப் போகும் ரத்னம்மா ஒரு நாள் போன் பண்ணினாள். "கைமரத்துக்கு ஒட்டுப் போட்டுக்கீறாங்க மேடம். பழசு கறுப்பா கீது, புதுசு வெளுப்பா கீது. நல்லா தெரியுது!"

ஆமாம், தெரியத்தான் செய்யும். இந்த வீடு என்றில்லை. எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் முன்வாசலோடு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போங்கள். நிமிர்ந்து பாருங்கள். கறுப்பு மரம் முடிந்து வெளுப்பு மரம் தொடங்கும் இடம் இருந்தால், அதில் விரலை வைத்து, நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள்: இங்கே நனைந்துகொண்டு நின்றது யார்?