ஒரு மணி பஸ்

ஹமீதா பானு யாரிடமும் எதையும் விசாரிக்க மாட்டாள். கண்ணால் பார்த்தால் போதும் என்பாள். இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடிவருவதற்கு முன், காலையில் வந்து தெருக்குழாய் எதிரே நின்று தண்ணீர் வருகிறதா என்று பார்த்தவள். கணவன் ஜாபிர் மஸ்கட்டில் இருக்கிறான். நன்னிலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே வளையல், ரிப்பன், ரீசார்ஜ் என்று கடை வைத்து, வீட்டு முடிவுகளை அவள்தான் எடுக்கிறாள்.

மகள் அஃப்ரீன் பழந்தமிழ் இலக்கியம் படிக்க வேண்டும் என்றாள். அதில் அம்மாவுக்கு மறுப்பில்லை. எங்கே என்பதில்தான் தகராறு. மகள் கேட்டது கும்பகோணத்து அரசுக் கல்லூரி. பக்கத்து டவுனில் ஒரு தனியார் மகளிர் கல்லூரியிலும் தமிழ் இருந்தது. ஜூனில் கல்லூரிகள் திறந்ததும் ஹமீதா பானு கடையிலிருந்தே பஸ்களைப் பார்த்தாள். பக்கத்து டவுனில் படிக்கும் பெண்கள் மதியம் ஒரு மணி பஸ்ஸில் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். கும்பகோணத்தில் படிப்பவர்கள் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு, கசங்கிப்போய்.

"ஒரு மணிக்கு வீட்ல சோறு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"பாட்டைப் பிரிச்சுக் காட்ட ஒருத்தர் வேணும்மா. இல்லன்னா உரையைத்தான் மனப்பாடம் பண்ணணும்."

"வாத்தியார் இல்லாமயா காலேஜ் நடத்துறாங்க?"

கும்பகோணத்தில் கலந்தாய்வு வியாழக்கிழமை. அன்று போகாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

புதன்கிழமை ஒரு மணி பஸ்ஸில் இறங்கிய எல்சி ஹேர்பின் வாங்க வந்தாள். பக்கத்து டவுன் கல்லூரியில் தமிழ் இரண்டாமாண்டு. பாராட்டுவதாக நினைத்துத்தான் ஹமீதா பானு பேச்சுக் கொடுத்தாள்.

"தினம் சீக்கிரமா விட்டுடுறாங்கல்ல?"

"எங்க விடுறாங்கக்கா? நாங்களா வர்றோம்."

"வாத்தியாரம்மா கேக்க மாட்டாங்க?"

"இருந்தாத்தானே கேக்கறதுக்கு. ஒரு மேடம் கல்யாணமாகிப் போயிட்டாங்க. இன்னொரு சாருக்கு வேற வேலை கெடச்சுடுச்சு. ஃபிசிக்ஸ் மேடம் வந்து உக்காந்து, சத்தம் போடாதீங்கம்பாங்க. அதுக்கு வீட்லயே சத்தம் போடாம இருக்கலாம்ல?"

ஹமீதா பானு சிரித்தாள். நீட்டிய ஹேர்பின் அட்டையை விடாமல் பிடித்திருந்தாள்.

"அப்ப பாட்டெல்லாம்?"

"ஜெராக்ஸ் தருவாங்க. அட்டையை விடுங்கக்கா."

சாயங்காலம் ஜாபிர் கூப்பிட்டான். "சேத்துட்டியா?"

"இல்லீங்க. நாளைக்குக் கும்பகோணம் போறோம்."

"நேத்து வரைக்கும் ஒரு மணி, ஒரு மணின்னே?"

"வகுப்பு நடக்காததாலதாங்க ஒரு மணி. எனக்குக் கேக்கத் தோணல."

"இருட்டிடுமே. எங்க அக்கா எதாவது சொல்லும்."

"சொல்லட்டும். பஸ்ஸு நம்ம கடை முன்னாடிதான நிக்குது. நான் இருக்கேன்ல."

"சரி, பாத்துக்க" என்றான்.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கும்பகோணம்வரை உட்கார இடமில்லை. கல்லூரி வாசலில் காவல்காரரிடம், "இங்க தமிழ் வாத்தியாருங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் ஹமீதா பானு. அலுவலகத்திலும் கேட்டாள். அஃப்ரீன் நாலடி தள்ளியே நடந்தாள்.

பெயர் கூப்பிட்டார்கள். இடம் இருந்தது. மேசைக்குப் பின்னால் நரைத்த தலையுடன் ஒரு பேராசிரியர். அஃப்ரீன் தலை குனிந்தபடி கையெழுத்துப் போட்டாள்.

"நீங்கதான் பாட்டு நடத்துவீங்களா சார்?"

"ஆமாம்மா."

"வேற எங்கயும் போயிட மாட்டீங்களே?"

"அம்மா, போதும்மா."

அவர் சிரித்தார். "ரெண்டு வருஷத்துல ரிடையர்டும்மா."

ஹமீதா பானு யோசித்தாள்.

"அதுக்குள்ள கஷ்டமான பாட்டையெல்லாம் முடிச்சுக் குடுத்துடுங்க சார்."