பீல் நேரத்தில் ஒரு தாலி

என் கலியாணத்துக்கு மாப்பிள்ளை பிந்தி வந்ததற்கு ஒரு மாடு காரணம். அவருடைய ஊரான பீலிலிருந்து புறப்பட்ட ரயிலின் முன்னால், தண்டவாளத்தில் ஏறி நின்றுவிட்டது. சுவிஸில் மாட்டுக்கு அவசரம் கிடையாது. யாரும் அதை அவசரப்படுத்துவதும் கிடையாது.

நான் ரயிலில் டிக்கெட் பார்ப்பவள். ரயில்காரியைக் கட்டப்போகிறவன் காரில் போனால் மரியாதையில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் பட்டும் வேட்டியுமாக ரயிலேறியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. இந்தத் தகவலை அப்பா அன்று காலை, சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள அட்லிஸ்வில் கோயில் வாசலில் பலருக்கும் எடுத்துச் சொன்னார்.

அப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. நானாகத் தேடிக்கொண்டேன் என்பது முதற் குற்றம். பாதிச் சனம் பிரெஞ்சு கதைக்கும் ஊர் என்பது அடுத்தது. இரண்டு வருடம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். சுபநேரம் தவறக்கூடாது, தவறினால் கலியாணம் இல்லை. சொன்னால் செய்யக்கூடியவர்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்ததும் ஐயர் கிரியைகளை ஓட்டமும் நடையுமாக முடித்தார். தாலியைக் கையில் எடுத்தவர், கைபேசியைப் பார்த்தார்.

“நேரம் முடிஞ்சுது. இப்பதான், ஒரு நிமிஷத்துக்கு முதல்.”

அப்பா எழும்பினார். “அப்ப சரி,” என்றார். முகத்தில் துக்கம் எதுவும் இருக்கவில்லை.

அப்போதுதான் வேலைப் பயிற்சியில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வரும்வரை, இந்த நாட்டில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேலே சூரியன் வந்தால்தான் நண்பகல் என்று மணியடித்தது. சூரிச்சுக்கு ஒரு நேரம், பீலுக்கு ஒரு நேரம். குதிரை வண்டியில் போனவர்களுக்கு அது ஒரு தொந்தரவாகவே இல்லை. ரயில் கம்பனிகள் ஆளுக்கொரு ஊர் மணியைப் பார்த்து ரயில் விட்டால் சரிவராது என்று கண்ட பிறகுதான், எல்லோரும் பேர்ண் நகரத்தின் நேரத்துக்குக் கட்டுப்பட்டார்கள். பரீட்சைக்கென்று விழுந்து விழுந்து படித்தேன். கேள்வி வரவில்லை.

“ஐயா, நீங்கள் பாத்த நேரம் எந்த ஊர்ச் சூரியனுக்கு?” என்று ஐயரைக் கேட்டேன்.

“அட்லிஸ்வில்லுக்குத்தான் பிள்ளை. பஞ்சாங்கத்தை அப்பிடித்தான் திருத்தினனான்.”

“தாலி கட்டிறவர் பீல்காரர். பீல் மேற்கிலை இருக்கு, அங்கை சூரியன் பிந்தித்தான் வரும். ரயில் வரமுதல் அவையின்ரை மணிக்கூடு எங்கடையை விட அஞ்சு நிமிஷம் பின்னாலை ஓடினது. அந்தக் கணக்கிலை சுபநேரம் இன்னும் முடியேல்லை.”

மணவறையில் பொம்பிளை வாய் திறந்ததில் சபை கழுத்தை நீட்டிப் பார்த்தது. மாமியார் மட்டும் “ஓம், ஓம்” என்றார். அவருக்கு விளங்கியிருக்க வாய்ப்பில்லை.

ஐயர் யோசித்தார். “கணக்கிலை பிழையில்லை. ஆனா தகப்பன்தான் சொல்லவேணும்.”

அப்பா என்னைப் பார்த்தார். இப்போது அவர் வேண்டாம் என்றால், அந்த மனிதரை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெல்ல ஐயர் பக்கம் திரும்பினார்.

“பீலிலை இப்ப என்ன நேரம்?”

மாப்பிள்ளையின் ஊரைப் பற்றி அப்பா கேட்ட முதற் கேள்வி அது. “இன்னும் நேரம் கிடக்கு,” என்றார் ஐயர். மேளம் கொட்டியது. நான் அழுதேன். ஓமப் புகை என்று நினைத்து யாரோ விசிறினார்கள்.