பூஜ்யம் என்று எழுதிய படிவம்

ஐலா ராப்பனா இருபத்திரண்டு வருடமாக மரம் ஏற்றும் லாரி ஓட்டினாள். சொந்த லாரி. வட பின்லாந்தின் காடுகளில் வெட்டி அடுக்கிய தடிகளை ஏற்றி, ஆற்றுப் பாலம் தாண்டி அறுவை ஆலையில் இறக்குவாள். டயர் மாற்றுவதிலிருந்து பிரேக் பார்ப்பது வரை எல்லாம் அவளே. யாரிடமும் உதவி கேட்காதவள் என்று ஊரில் பெயர்.

பாலம் பலவீனமாகிவிட்டது. மார்ச் மாதம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் சாலைத் துறை கூட்டம் போட்டது. சான்டெலின் என்ற திட்ட அதிகாரி பேசினார்.

"இந்தப் பாலத்தை மூடுறோம், புதுசு கட்டப் போறதில்லை. லாரிங்க நாப்பது கிலோமீட்டர் சுத்திப் போகணும். அதுல ஆகிற செலவைவிடப் பாலத்துக்கு ஆகிற செலவு அதிகம்."

"லாரி ஓடுற செலவை எவ்வளவுன்னு வச்சீங்க?" என்று ஐலா கேட்டாள்.

"கிலோமீட்டருக்கு ஒரு யூரோ பத்து சென்ட்."

"அந்தக் காசுக்கு சைக்கிள்தான் ஓடும்," என்றார் பின்வரிசையில் இருந்த வெய்யோ. அவரும் லாரிக்காரர்தான்.

"நாங்களா இட்டுக்கட்டலை. இந்தப் பக்கத்து லாரிக்காரங்க நாலு பேர் எழுதிக் குடுத்தது," என்று சான்டெலின் கோப்பை நீட்டினார்.

உள்ளே இருந்த செலவுப் படிவங்களில் பெயர் இல்லை. ஐலா முதல் தாளைப் பார்த்தாள். ரிப்பேர், பூஜ்யம். ஓட்டுநர் சம்பளம், பூஜ்யம். ஆலையில் காத்திருக்கும் நேரம், பூஜ்யம். எழுத்து அவளுடையது. இரண்டு வருடத்துக்கு முன், தடி ஏற்றும் இடைவெளியில் ஸ்டியரிங் மேல் வைத்துக் கிறுக்கியது. நான் செய்யும் வேலைக்கு எனக்கு என்ன செலவு என்று அப்போது தோன்றியிருந்தது. இப்போது புரிந்தது. ஊர்ப் பாலத்தை மூடியது தன் பேனாதான்.

எழுந்து நின்றாள். "இது நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன்."

வெய்யோ தொண்டையைக் கனைத்தார். "சம்பளத்துக்கு நானும் பூஜ்யம்தான் போட்டேன், ஐலா."

சான்டெலின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மாசம் டைம் தரேன். ரசீதோட திருத்திக் குடுங்க."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஐலா சமையலறை மேசையை விட்டு எழவில்லை. டீசல், டயர், காப்பீடு, ஆலை வாசலில் நின்ற மணிகள், தன் உழைப்பு எல்லாம் சேர்ந்து கிலோமீட்டருக்கு இரண்டு யூரோ முப்பது சென்ட் வந்தது. ஆலை கொடுத்துவந்தது ஒன்று எழுபது. மூன்று முறை கூட்டினாள். அப்புறம் வெய்யோவுக்குப் போன் செய்தாள்.

"இத்தனை வருஷமா அந்த ஆலைக்கு நான் சும்மா உழைச்சிருக்கேன், வெய்யோ."

"கூட்டிப் பாக்காம இருந்திருக்கலாம்ல," என்றார் அவர்.

நால்வரும் திருத்திக் கொடுத்த பிறகு கணக்கு தலைகீழானது. இலையுதிர் காலத்தில் புதுப் பாலத்துக்கு அனுமதி வந்தது. ஆலையோ வாடகையை ஒரு சென்ட்கூட ஏற்ற மறுத்தது. ஐலா லாரியை விற்றுவிட்டு நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டப் போனாள்.

பாலம் திறந்த அன்று அவளுக்கு விடுமுறை, அதுவும் சம்பளத்தோடு. விழாவுக்குப் போகவில்லை. மத்தியானம் வரை தூங்கினாள்.