ரிவர்ஸ் கியரில் உழுத நிலம்

எங்கள் வீட்டு டிராக்டரை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கோழிக்கூண்டாகத்தான் தெரியும். முத்தாபுதுப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஒரு வெள்ளைக்காரர் வேர்க்கடலை போட்டுப் பெரிய ஆளாகிவிடப் பார்த்தார். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதும் கப்பலேறிவிட்டார். அவர் விட்டுப்போன சாமான்களில் அப்பா பங்குக்கு வந்து சேர்ந்தது இந்த இரும்பு மலை. ரப்பர் டயர் எல்லாம் கிடையாது. பல்லுப் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சக்கரம். இது எதற்கு என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "கெடக்கட்டும், ஒரு நாளிக்கி ஆவும்" என்பார் அப்பா. அம்மா அதன் இருக்கைக்கு அடியில் வைக்கோலைத் திணித்து, கோழியை அடைகாக்க வைத்தாள். அந்த வகையில் அது ஆகத்தான் செய்தது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு இடம் எடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஒரு நாள் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே விஷயத்தைச் சொன்னார்.

"உழுது பயிர் வச்ச நெலத்தத் தொட மாட்டாங்கோ. தரிசாக் கீறதத்தான் எடுப்பாங்களாம். அடுத்த வெள்ளி போயி மறு வெள்ளி தொரை வந்து பாக்கறாரு."

இது யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் நாங்கள் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் வெக்கை நோய் வந்து எங்கள் உழவு மாடுகள் இரண்டும் ஒரே வாரத்தில் செத்திருந்தன. ஊரில் பாதி மாடுகளுக்கு அதே கதி. இரவல் கேட்டால் கொடுக்க யாரிடமும் ஒரு ஜோடி இல்லை. மூன்று காணி நிலம் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. அப்பா கொல்லைப்பக்கம் போய் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பினார்.

பூந்தமல்லியில் கரியில் ஓடும் பஸ்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார் மாமா, என் அம்மாவின் தம்பி. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். வந்த அன்றே கோழியை விரட்டிவிட்டு, எஞ்சின் பக்கம் அரைநாள் தட்டிப் பார்த்தார். எஞ்சின் பிழைக்கும், கியர் பெட்டிதான் போய்விட்டது என்றார். எல்லாக் கியருக்கும் பொதுவான ஒரு சக்கரத்தில் இரண்டு பல் முறிந்திருந்தது. யுத்த காலத்தில் சீமைச் சாமானுக்கு எங்கே போவது?

"புதுசு கெடைக்காது மாமே. பல்லு கட்டிட வேண்டியதுதான்" என்றார் அப்பாவிடம்.

நான் அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் வேடிக்கையெல்லாம் பேசுகிற ஆளில்லை. பல் முறிந்த இடத்தில் வரிசையாகத் துளை போட்டு, எஃகு ஆணிகளை முடுக்கி இறக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அரத்தால் ராவ ஆரம்பித்தார். நாலு நாள் ராவினார். காலையில் எழுந்தால் அந்தக் கிறீச் சத்தம்தான், சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும் அதேதான். பக்கத்துப் பல்லில் காகிதத்தை வைத்து அச்செடுத்து, அதைப் புதுப் பல்லில் ஒட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி ராவுவார். கையில் கொப்புளம் வெடித்து அரத்தின் பிடியில் ரத்தம் ஒட்டியிருந்தது. அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, "டேய், ஒரு நாளு சும்மா இருடா" என்று கெஞ்சினாள். "அந்த ஒரு நாளு எங்க கீது?" என்றார் மாமா.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. நெல் அவிக்கிற அண்டாவில் சவுக்காரத்தைக் கரைத்து, கியர் பெட்டியின் உறுப்புகளைக் கொதிக்க வைத்துக் கசடெடுத்தாள். ரேஷனில் கிடைத்த மண்ணெண்ணெய் முழுவதும் அவற்றைக் கழுவவே போய்விட்டதால், நாங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தோம். பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே வைக்க அட்டை வேண்டும் என்று மாமா கேட்டபோது அப்பா சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் கொடுத்தார். அதில் அம்மன் படம் இருந்தது. அம்மனை வெட்டாமல் சுற்றியுள்ள அட்டையை மட்டும் வெட்டிக்கொள் என்று அம்மா நிபந்தனை போட்டாள்.

மாமாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. டிராக்டர் கிழக்கே பார்த்து நின்றது. கழற்றிய ஒவ்வொன்றையும் அது உள்ளே எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில், பக்கத்துக் கொட்டகையில் சாக்கின்மேல் படுக்க வைத்தார். "யாராச்சும் தொட்டீங்கோ, வெரலு இருக்காது" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தார். அவற்றில் பெரியது, எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற உறுப்பு. ஒரு பக்கம் அகலமான பல்வட்டம், மறுபக்கம் குட்டையான உடம்பு. அந்தப் பல்வட்டத்தை மாமா கிரவுன் என்பார், அதாவது கிரீடம். கிரீடம் இருக்கிற பக்கம்தானே தலை?

எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது. ஏனென்றால் அது வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தது. எங்கள் வீட்டில் வடக்கே தலைவைத்துப் படுத்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். உயிருக்கு ஆகாது என்பாள். மாடு செத்தாயிற்று, நிலமும் போகப் பார்க்கிறது, இப்போது டிராக்டர் வேறு இப்படிப் படுத்திருக்கிறது! ஒன்பது வயதில் எனக்கு இது பளிச்சென்று புரிந்த அளவு வேறெதுவும் புரிந்ததில்லை. மதியம் அம்மா கண்ணயர்ந்த நேரம், மாமா டிராக்டருக்கு ஊற்ற எண்ணெய் தேடிக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, முதுகைக் கொட்டகைத் தூணுக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு காலாலும் சாக்கைத் தள்ளினேன். கொஞ்சம் கொஞ்சமாக அது திரும்பியது. தலை தெற்கே வந்ததும் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிவந்தேன். குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமா தன் ஒழுங்கை நம்புகிறவர். மறுநாள் அது கிடந்த வாக்கிலேயே தூக்கிப் பொருத்தினார். எந்தப் பக்கம் வைத்தாலும் அது பொருந்தும் என்பதுதான் அதிலுள்ள வம்பு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரே எங்கள் கொல்லையில் கூடிவிட்டது. அப்பா கைப்பிடியைச் சுழற்றினார். டிராக்டர் இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு திடுதிடுவென்று உயிர் வந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா முதல் கியரைப் போட்டார். டிராக்டர் கம்பீரமாகப் பின்னால் நகர்ந்து, கீற்றுத் தடுப்பைச் சாய்த்துக்கொண்டு போய் வைக்கோற்போரில் உட்கார்ந்தது. இரண்டாவது கியர் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது.

"இன்னா மச்சான், பொறவாலயே போவுது? ஊட்டுக்கு வந்த மாப்பிள மாரி வெக்கப்படுதா?" என்று எவரோ கேட்க, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. மாமா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, கொட்டகைக்குள் போய், இழுபட்டுத் திரும்பிக் கிடந்த வெறும் சாக்கைப் பார்த்தார். வெளியே வந்து, "எவன் அத்தத் திருப்பினது?" என்றார்.

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். ஆனால் நல்ல காரியம் செய்துவிட்டு எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? "நான்தான் மாமா. அது வடக்கால தலைய வச்சிகினு இருந்திச்சி" என்றேன்.

அம்மா என்னை அடிக்க ஓடிவந்தாள். மாமா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி கழற்றி மாட்ட மூன்று நாள் ஆகும். கையில் இருந்ததோ இரண்டு நாள். அவர் டிராக்டரில் ஏறி, ரிவர்ஸ் கியரைப் போட்டார். டிராக்டர் வைக்கோற்போரை விட்டு மெல்ல முன்னால் வந்தது. கூட்டத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இருக்கற ஒரு கியரு போதும் மாமே. கலப்பையக் கட்டு" என்றார்.

ரிவர்ஸுக்கான சக்கரம் சின்னது, நாலடி பின்வாங்குவதற்காகச் செய்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று காணியை உழுதார் மாமா. புதனும் வியாழனும் பொழுது முழுக்க, கட்டை வண்டியைவிட மெதுவாக. வரப்புக்கு வரப்பு நிறுத்தி, பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். அம்மா ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டேயிருந்தாள். அப்பா பின்னாலேயே நடந்து கட்டிகளை உடைத்து, மேடு பள்ளம் நிரவினார். மாமா கட்டிய பல்லும் அசையவில்லை, அந்தச் சின்னச் சக்கரமும் முறியவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் நிலம் வாரி விட்ட தலை மாதிரி இருந்தது. அப்பா கேழ்வரகைத் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பட்டாளத்துத் துரை ஜீப்பில் வந்தார். கூடவே ஒரு சர்வேயர். துரை இறங்கிவந்து மண்ணைப் பூட்சால் கிளறிப் பார்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்வையை ஓட்டி, சிரித்தபடி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சர்வேயர் எழுதிக்கொண்டார். மாமாவின் தோளைக்கூட துரை தட்டிக்கொடுத்தார். ஜீப் போனதும் அப்பா ஓடிவந்து, "இன்னா மச்சான் சொன்னாரு?" என்று கேட்டார்.

"நெலத்த நல்லா சமமாப் பண்ணிகீறீங்கன்னு சொல்றாரு மாமே."

அது பொய்யில்லை. பூந்தமல்லியில் பட்டாளத்து வண்டிக்காரர்களோடு பழகி மாமாவுக்கு இங்கிலீஷ் புரியும். பட்டாளத்துக் கொட்டகை போட இடத்தைச் சமன்படுத்தும் வேலை நமக்கு மிச்சம் என்று துரை சொன்ன மீதிப் பாதியை, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தபிறகுதான் மாமா என்னிடம் சொன்னார். அப்பா விதைக்கூடையைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி மறுபடி நிலத்தில் இறங்கினார்.

மாமாவோ லீவு முடிந்தும் ஊருக்குப் போகவில்லை. அன்றைக்கே கியர் பெட்டியைத் திரும்பக் கழற்ற ஆரம்பித்தார். உழவுதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாள் என்னோடும் பேசவில்லை. நான் செய்த தப்பை எனக்குக் காட்டவேண்டும் என்றே இப்படிச் செய்கிறார் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கடைசி நாள் பக்கத்தில் போய் நின்று, "இன்னும் இன்னாத்துக்கு மாமா?" என்று கேட்டேன்.

"முன்னால போவணும் இல்ல பாப்பா. ஒரு பத்து மைலாச்சும் போவணும்" என்றார்.

ஒரு மாதம் கழித்து, கேழ்வரகு முழங்கால் உயரம் பச்சையாக நின்றபோது காகிதம் வந்தது. எட்டு நாளில் ஊர் காலியாக வேண்டும். மாட்டு வண்டி கிடைக்காமல் ஜனங்கள் பெட்டி படுக்கையைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தார்கள். மாமா பூந்தமல்லியிலிருந்து வந்து, செத்த மாடுகளின் வண்டியை டிராக்டருக்குப் பின்னால் கட்டினார். அண்டா, நெல் மூட்டை, கோழிகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மாங்காட்டில் இருந்த அம்மாவின் உறவுக்காரர் வீட்டை நோக்கிக் கிளம்பினோம். மூன்றாவது கியரில் டிராக்டர் முன்னால் ஓடியது. நான் மைல்கல்லை எண்ணிக்கொண்டு, சந்தோஷத்தில் கத்திக்கொண்டே வந்தேன்.

அப்பாவும் அம்மாவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மாமா மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முன்னால் போகிற கியர் கிடைத்துவிட்டால் ஓட்டுகிறவர் பின்னால் பார்க்கத் தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.