பேருந்தை மறித்த பிலோமினா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. பிலோமினாவின் தம்பி மகள் பேசினாள். “அத்தை போயிட்டாங்க டாக்டர். தூக்கத்துலயே. நேத்து களி ரெண்டு உருண்டை தின்னுட்டு, பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித்தான் படுத்தாங்க.” அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கூடுதல் களியை நினைத்ததும் அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. போகும்போதுகூட வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போன மனுஷி!

பாப்பிரெட்டிப்பட்டி போகும் சாலையில் இருந்த எங்கள் சிறிய மருத்துவமனையில் எண்பதுகளில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிலோமினா அங்கே தலைமை நர்ஸ். அவருடையது விவசாயம் செய்த கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடற்குழுவில் பாடுவார். நான் இண்டூர்க்காரன், அங்கே அறுவை மருத்துவன். என் கோபம் ஊரறிந்தது. நான் கத்த ஆரம்பித்தால், “டாக்டருக்கு ரத்த ஓட்டம் பிரமாதமா இருக்குது, மிஷினே வேண்டாம்” என்று சொல்லி வார்டையே சிரிக்க வைத்துவிடுவார்.

அவர் சொன்ன அந்த மிஷின் எங்களுக்கு நன்கொடையாக வந்த டாப்ளர் கருவி. டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான் இருக்கும். இப்போது இருப்பதுபோல் திரையும் வண்ணப் படமும் கிடையாது. பேனா போன்ற முனையைத் தோலில் வைத்தால், உள்ளே ஓடும் ரத்தத்தின் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அதைக் கேட்டுப் பிரித்துச் சொல்வதில் பிலோமினாவை மிஞ்ச ஆள் இல்லை. நான் இரண்டு முறை கேட்டுக் குழம்புவதை அவர் ஒரே முறையில் சொல்லிவிடுவார். சித்தேரி மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தன் காலின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “இதுல வேற ஸ்டேஷன் எதுவும் எடுக்காதுங்களா?” என்று கேட்டார். “உங்க கால் ஸ்டேஷன் மட்டுந்தானுங்க எடுக்கும். ஆனா இன்னைக்கு நல்ல செய்திதான் வருது” என்றார் பிலோமினா.

முனைக்கும் தோலுக்கும் நடுவே காற்று புகுந்தால் சத்தம் வராது. அதற்காகத் தோலில் தடவக் கருவியோடு வந்த பசை நான்கு மாதத்தில் தீர்ந்துபோனது. கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. நான் கருவியை மூட்டை கட்டி வைக்கச் சொன்னேன். பிலோமினா சமையற்கட்டுக்குப் போய் ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தடவிக் கேட்டால் சீமைப் பசையைவிடச் சத்தம் நன்றாக வந்தது! சுற்றிலும் மரவள்ளிக் காடு, சேலம் பக்கமெல்லாம் ஜவ்வரிசி ஆலை, எங்களுக்கென்ன பஞ்சம்? மறுநாள் சமையல்கார அந்தோணியம்மாள், நோயாளிக்குத்தானே என்று வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி அனுப்பிவிட்டார். அன்று கால் காட்ட வந்தவர்கள் எல்லோரும் எறும்போடு வீட்டுக்குப் போனார்கள்.

மாதப்பன் வந்ததும் இந்தக் கஞ்சிக் காலத்தில்தான். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர் அவர். அடுப்படியில் நின்றே காலம் போனதில் இடது காலில் நரம்பு முறுக்கிப் புடைத்து, கணுக்காலுக்கு மேல் ஆறாத புண். “வாடை அடிக்குதுன்னு ஆளுங்க டம்ளரத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட போயிடறாங்க. புண்ணு ஆறலைன்னா வர வேணாம்னு ஓனரு சொல்லிட்டாருங்க. எனக்கு டீ ஆத்தறதத் தவிர ஒண்ணும் தெரியாது டாக்டர்” என்றார். புடைத்த அந்த ரத்தக் குழாயை எடுத்துவிட்டால் புண் ஆறும். ஆனால் காலின் ஆழத்தில் ஓடும் பெரிய குழாய் திறந்திருந்தால்தான் எடுக்கலாம். அது அடைத்திருந்தால், ரத்தம் மேலே திரும்ப இருக்கிற ஒரே வழியையும் நாமே மூடியதாக ஆகிவிடும்.

அவரைக் குப்புறப் படுக்க வைத்து, பிலோமினா பக்கத்தில் நிற்க, முட்டிக்குப் பின்னால் கஞ்சியைத் தடவி நானே முனையை வைத்தேன். இதயத்திலிருந்து ரத்தம் இறங்கிவரும் குழாயின் துடிப்பு மங்கலாகக் கேட்டது. பக்கத்திலேயே, ரத்தம் மேலே திரும்பும் குழாயில் ஒன்றும் இல்லை. கெண்டைக்காலை அமுக்கினால் ரத்தம் சர்ரென்று ஏற வேண்டும். மூன்று முறை அமுக்கினேன், மூன்று முறையும் மௌனம். அடைப்பு, அறுவை கூடாது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாதப்பன் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வெளியே போனார்.

கால் மணி நேரம் கழித்து வாசலில் பெரிய கூச்சல். எட்டிப் பார்த்தால் சாலை நடுவில் வெள்ளைச் சேலையில் பிலோமினா, இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். எதிரே பேருந்து உறுமிக்கொண்டிருக்கிறது. “ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்று டிரைவர் கத்துகிறார். “மாதப்பன எறக்கி வுடுங்க. அவரு கால இன்னும் நாங்க கேட்டு முடிக்கலீங்க!” என்கிறார் இவர்.

விஷயம் இதுதான். முந்தின நாள் கஞ்சி கட்டி தட்டிப் போனதாக யாரோ குறை சொல்ல, அந்தோணியம்மாள் ரோஷப்பட்டு அன்று காலை மத்தைப் போட்டுக் கடைந்திருக்கிறார். கஞ்சி முழுக்கப் பொடி நுரை. நுரை என்றால் காற்று. துடிப்பின் பெரிய சத்தம் அதைத் தாண்டி எப்படியோ வந்துவிட்டது, மெதுவாக ஓடும் குழாயின் சத்தம் வரவில்லை. மாதப்பன் போன பிறகு பிலோமினா அந்தக் கஞ்சியைத் தன் முழங்கை மடிப்பிலேயே தடவி, ரத்தம் திரும்பும் குழாயைக் கேட்டிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணத்தில் மிச்சம் இருந்த பழைய கஞ்சியைத் தடவிக் கேட்டால், கேட்கிறது. “அப்போ என் கையும் அடைச்சுப் போச்சுங்களா டாக்டர்?” என்று என்னைக் கேட்டார்.

மாதப்பன் இறங்கினார். கூடவே கண்டக்டரும் பாதி பேருந்தும் இறங்கி வந்து வராந்தாவை அடைத்துக்கொண்டார்கள். பழைய கஞ்சியைத் தடவி, பிலோமினா முனையை வைத்தார். நான் கெண்டைக்காலை அமுக்கினேன். புளியமரத்தில் காற்று அடிப்பதுபோல் ஒரு சத்தம், வராந்தா முழுக்கக் கேட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் சத்தம்! “வழி தொறந்திருக்குதுங்க!” என்று பிலோமினா கத்தினார். கண்டக்டர் விசிலை எடுத்து ஊதினார். படுத்திருந்த மாதப்பன், “என் காலா? என் காலுதானா?” என்று கேட்டுக்கொண்டே அழுதார். நான் என் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டேன். மறுவாரம் அறுவை நடந்தது. இரண்டு மாதத்தில் புண் மூடியது. மாதப்பன் மறுபடி அடுப்படியில் நின்று, எங்கள் எல்லோருக்கும் தன் கையால் டீ ஆற்றிக் கொடுத்தார். பிலோமினாவுக்கு மட்டும் ஏடு போட்ட ஸ்பெஷல் டீ.

அந்தச் சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்ட அன்று சாயங்காலமே பிலோமினாவிடம் எரிந்து விழுந்தேன். வேறென்ன செய்வது, என் குணம் அது. “கஞ்சி மேல சந்தேகம் இருந்தா அந்த ஆள் படுத்திருக்கும்போதே சொல்லியிருக்கலாமில்ல? பஸ்ஸ மறிக்கற அளவுக்கா விடறது?”

கருவியின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “சொன்னேனுங்க டாக்டர். ரெண்டு தடவ சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. அவர் சொன்னது எனக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. தோலுக்கு அடியில் ஓடுவதையெல்லாம் கேட்கிறவன் என்று எனக்குப் பெயர். ஒரு முழம் தள்ளி நின்றவர் இரண்டு முறை சொன்னது என் காதில் விழவில்லை.

பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பழக்கம். நான் எழுதும்போது பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பேன். என் கிளினிக் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. “ஒண்ணுமில்லைங்க டாக்டர், மணி என்னன்னுதான் கேக்க வந்தேன்” என்று சிரிப்பார்கள். மணியைச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.