லேஸ் கட்டாத கையுறை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். விஜயநகர் பூங்காவில் தினமும் ஒருவரைப் பார்ப்பேன். மைசூர் வெயிலில் தடிமனான கையுறை போட்டுக்கொண்டு, ஷூ லேஸைக் கட்டப் போராடிக்கொண்டிருப்பார். ராணுவத்துக்குச் சாமான் வாங்கும் ஆபீசில் இருந்தவராம்.

ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "ஏன் சார், இந்த வெயில்ல?"

"வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட இதை வாங்கலாம்னு நான்தாம்மா எழுதிக் கொடுத்தேன். கைய விட்டுப் பார்த்தேன், கதகதப்பா இருந்துச்சு. லேஸ் கட்டிப் பார்க்கல. பனிமலையில பசங்க இதைக் கழட்டிட்டுத்தான் கட்டினாங்க. சில பேருக்கு விரலே போச்சு."

நான் கட்டிவிடக் குனிந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"பேடம்மா, வேணாம். அங்க அவங்களுக்கு யாரு கட்டிவிட்டா?"

குளிரில் விரல் போய்விடுமா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அவர் சொன்னது தப்பாக இருந்தால் நன்றாயிருக்கும்.