விடு என்று சொன்னதும் தளர்ந்த கயிறு

போன ஈஸ்டர் விடுமுறையில் நடந்தது இது. ஆக்லாந்தில், நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய கல்குவாரியில். இப்போது அங்கே கல் உடைப்பதில்லை. கயிறு கட்டிப் பாறை ஏறிப் பழகுகிறார்கள்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால், விபரம் தெரியாமல் வருகிற பயம் இது என்பாள் மனைவி. ஆக்லாந்தின் மாசி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கார் வரை போவேன். திரும்பி வந்து கதவை ஆட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம் வந்துதான் எங்கள் ஒரே மகள், தானும் கணவரும் மலைப்பக்கம் குடிபோகப் போவதாகச் சொன்னாள். கோடையில் பாறை ஏறலாமாம், குளிர்காலத்தில் பனிச்சறுக்காம். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. தெற்குத் தீவில் குயின்ஸ்டவுன் பக்கமா, இங்கே வடக்குத் தீவில் ருவாபெஹு மலையடியா என்பது மட்டும்தான் அவர்களுக்கு யோசனை. எனக்கோ ஒன்று பனிச்சரிவு, மற்றது எரிமலை. நித்திரையே போய்விட்டது.

நான் விடாமல் புலம்பியதில் மகள் ஒரு முடிவு சொன்னாள். “ஒருக்கா ஏறிப் பாருங்கோ அப்பா. அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டு சொன்னா நாங்கள் போகேல்லை.”

அவளைத் தடுக்க வேறு வழி தெரியவில்லை. சம்மதித்தேன்.

மருமகன் கோயம்புத்தூர்க்காரர். கயிற்றின் ஒரு முனை என் இடுப்புப் பட்டியில். அது உச்சியிலுள்ள வளையத்துக்குள் புகுந்து இறங்கி, மறுமுனை அவர் கையில். பக்கத்தில் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் கத்துவார்கள், யார் குரல் யாருக்கு என்று குழம்பும் என்பதால் மகளும் அவரும் தமிழ்ச் சொல் வைத்திருந்தார்கள். பிடி என்றால் கயிற்றை இறுக்க வேண்டும். விடு என்றால் தளர்த்த வேண்டும். மகள் இதை எனக்கும் சொன்னாளாம். நான் அப்போது பட்டியின் கொளுக்கியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் ஏறவில்லை.

ஒரு மாடி உயரம் போயிருப்பேன். கீழே பார்க்க வேண்டாம் என்றார்கள்; பார்த்தேன். பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

“இடக்காலை மேல வையுங்கோ அப்பா, இன்னும் கொஞ்சம்தான்” என்றாள் மகள்.

“காணும் பிள்ளை, விடு” என்றேன். யாழ்ப்பாணத்தார் நாங்கள் போதும் என்பதைக் காணும் என்போம். போதும், என்னை விட்டுவிடு என்பதுதான் நான் சொன்னது.

கயிறு தளர்ந்தது.

இறக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இறக்கவில்லை. “காணும், விடு, விடு” என்று இன்னும் பலமாகக் கத்தினேன். இன்னும் தளர்ந்தது. அதுவரை என்னை மேலே இழுத்துப் பிடித்திருந்த கயிறு, முழங்காலுக்குக் கீழே வளையமாகத் தொங்கியது. கை வழுக்கினால் நேரே தரைதான். கத்தக் கத்தக் கயிறு நீண்டது. மருமகன் என்னைக் கொல்லப் பார்க்கிறாரோ என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. அந்த நேரம் அதை நான் நம்பினேன்.

தள்ளி நின்று என் கால்களையே கவனித்துக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் தொங்கிய கயிற்றைக் கண்டாள். அவள் பதறவில்லை. ஒரே சொல்தான்.

“பிடி.”

எனக்குச் சொல்கிறாள் என்று நான் பாறையை இறுக்கிப் பிடித்தேன். தனக்குச் சொல்கிறாள் என்று மருமகன் கயிற்றை இழுத்து இறுக்கினார். அடுத்த மூச்சில் என் வலக்கால் வழுக்கியது. தோள் பாறையில் மோத, அந்தரத்தில் தொங்கினேன். விழவில்லை.

தரைக்கு வந்ததும் மருமகன் ஓடிவந்து என் தோளைப் பார்த்தார். “கயிறு காணோம்னு சொல்றீங்கன்னு நெனச்சேன் மாமா. அப்புறம் விடு விடுன்னீங்க. பத்தல போலன்னு விட்டுட்டேன்.”

“காணும் எண்டா போதும் எண்டு அர்த்தம் தம்பி.”

“சோறு போடறப்ப சொன்னாப் புரியுது மாமா. பாறைல புரியல.”

மகள் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். “இப்ப சொல்லுங்கோ அப்பா. நாங்கள் போகட்டோ, வேண்டாமோ?”

வேண்டாம் என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? அதற்காகத்தானே ஏறினேன். ஆனால் பாறை என்னைத் தள்ளவில்லை, கயிறும் அறுந்துபோகவில்லை. நான் பயந்து கத்தியதில்தான் கயிறு தளர்ந்தது. அவள் பயத்தை அடக்கிக்கொண்டு சொன்ன சொல்லில்தான் இறுகியது. “போங்கோ” என்றேன்.

எங்களிடம் காரிலேயே வந்துபோகலாம் என்று அவர்கள் எரிமலைப் பக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பனி கொட்டுகிறது என்று செய்தியில் கேட்டால் இன்றைக்கும் எனக்கு நித்திரை வராது. முன்பென்றால் உடனே போன் எடுத்து என் பயத்தையெல்லாம் அவள் தலையில் கொட்டியிருப்பேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அது என் வாயிலிருந்து புறப்பட்டு அவள் காதில் போய் என்ன செய்யும் என்று யோசித்துவிட்டுப் பேசுகிற பழக்கம், அந்தரத்தில் தொங்கிய அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.